கோயில் மாலையும் அரசாங்க ஏடும்: தன்பாலினத் திருமணம் பற்றி ஓர் எளிய விளக்கம்

2025 தை மாதம், காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் கல்யாணம். பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு பட்டாலையில் ஏழெட்டுப் பேர் சாய்ந்திருந்தோம். யாரோ ஒருவர் போனில் பாங்காக் செய்தி ஓடியது. தாய்லாந்தில் ஜனவரி 23 அன்று தன்பாலினத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்து, அன்றைக்கே நூற்றுக்கணக்கான ஜோடிகள் பதிவு செய்துகொண்ட செய்தி.

எண்பதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏப்பா, நாளைக்கு நம்மூருக்கும் இது வந்தா, நம்ம கோயில்ல மாலை குடுத்துத்தான் ஆகணும்னு சொல்லுவாகளா?"

"அதெல்லாம் 2018லயே இங்க வந்துருச்சு ஆச்சி" என்றார் ஒரு மாமா. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தம்பி ஒருவன், "கல்யாணம் இல்லை மாமா, சிவில் யூனியன் மட்டும்தான் இருக்கு" என்றான்.

மாமா சொன்னதும் தப்பு, தம்பி சொன்னதும் தப்பு. ஆச்சி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. ஆனால் அதற்கு அந்த இடத்தில் ஒழுங்காகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. பாதி சொல்வதற்குள் மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். அன்று சொல்ல நினைத்ததை இங்கே முதலிலிருந்து எழுதுகிறேன். தன்பாலினத் திருமணம் என்று நான் சொல்வது, இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ சட்டத்தின் கண்ணில் மணத்துணைகளாக ஆவதை. தம்பி சொன்ன சிவில் யூனியன், திருமணம் என்ற பெயர் இல்லாமல் அரசாங்கம் செய்யும் துணைப் பதிவு; அதைப் பின்னால் விரித்துச் சொல்கிறேன்.

## ஒரு கல்யாணம், இரண்டு ஏடு

நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மாப்பிள்ளையின் கோயிலிலிருந்தும் பெண்ணின் கோயிலிலிருந்தும் மாலை வர வேண்டும். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்ற ஒன்பது நகரக் கோயில்களில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்ததாகத்தான் எந்தக் குடும்பமும் இருக்கும். ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை. மாலை வந்தால்தான் அந்தக் கோயில் இந்தக் கல்யாணத்தை ஒப்புக்கொண்டது என்று பொருள். கல்யாணம் முடிந்ததும் கணவனும் மனைவியும் சேர்ந்து கோயில் கணக்கில் ஒரு 'புள்ளி' ஆகிறார்கள். புள்ளி வரி அந்தக் கணக்கை வைத்துத்தான். துணையை இழந்தால் அரைப்புள்ளி.

கல்யாண வீட்டிலேயே இசைகுடிமானம் என்று ஒன்று எழுதுவார்கள். இரண்டு வீட்டாரின் பெயர், ஊர், கோயில் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடும் திருமண ஒப்பந்தம் அது. எழுத்தில் இல்லாதது எதுவும் நிற்காது என்று கண்டுகொண்ட வணிகர்களின் வழக்கம். எனக்கு அதன்மேல் மிகுந்த மரியாதை உண்டு.

இது முதல் ஏடு. கோயிலும் சமூகமும் வைத்திருப்பது.

இரண்டாவது ஏடு சார் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2009-ல் வந்த சட்டப்படி, எந்த மதமாக இருந்தாலும் கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டில் துணையின் பெயர் சேர்ப்பது, விசா, குடும்ப ஓய்வூதியம், வங்கி என்று எல்லாரும் கேட்பது இந்த ஏட்டின் நகலைத்தான். அங்கே போய் "எங்களுக்கு மாத்தூர்க் கோயிலில் மாலை வந்தது" என்று சொன்னால் எழுத்தர் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

இரண்டு ஏடும் பெரும்பாலும் ஒன்றையே சொல்வதால், அவை வேறுவேறு என்பது நம் கண்ணில் படுவதில்லை. அவை பிரியும் இடம் ஒன்று இருக்கிறது. நகரத்தார் பையன் வேறு சமூகத்துப் பெண்ணைக் கட்டினால், அந்தக் கல்யாணம் கோயிலில் புள்ளியாக ஏறுவதில்லை என்பது நெடுநாள் வழக்கம். மாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்களும் உண்டு, கூடாது என்பவர்களும் உண்டு. என் சொந்தத்திலேயே அப்படி ஒருவர் இருந்தார். கோயில் கணக்கில் அவருடைய கல்யாணம் கிடையாது. ஆனால் அவர் போன பிறகு ஓய்வூதியம் அந்த அம்மாவுக்குத்தான் வந்தது, வீட்டில் பங்கும் வந்தது. அரசாங்கம் கோயிலைக் கேட்கவும் இல்லை, கோயிலைக் கட்டாயப்படுத்தவும் இல்லை.

ஆக, கோயில் ஒப்புக்கொள்ளாத கல்யாணம் சட்டப்படி செல்லும் என்பது செட்டிநாட்டுக்குப் புதிய சங்கதி அல்ல. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

## அப்படியானால் குழப்பம் எங்கிருந்து வருகிறது?

நம் நாட்டில் சட்டம் சடங்கைக் கடன் வாங்கியிருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், மணமகன் அல்லது மணமகள் வீட்டு வழக்கப்படி சடங்கு நடந்தால் அதுவே திருமணம் என்கிறது. பதிவுச் சான்று அதற்கு ஆதாரம் மட்டும்தான். சடங்கே நடக்காமல் சான்று மட்டும் வாங்கினால் அது இந்துத் திருமணம் ஆகாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சர்ச்சில் நடக்கும் கல்யாணத்தில் பாதிரியாரே மந்திரமும் சொல்லி, சட்டப்படியான பதிவேட்டிலும் எழுதுகிறார். ஒரே கையில் இரண்டு வேலை. ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடும் ஏறக்குறைய அப்படித்தான்.

இதனால், "கல்யாணச் சட்டம் மாறினால் சடங்கும் மாறிவிடும்" என்று தோன்றுவது இயல்பு.

சடங்கே வேண்டாத ஒரு வழியும் இங்கே இருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். மதம் எதுவும் கேட்காது. திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுத்து, அது 30 நாள் அலுவலகத்தில் ஒட்டப்பட்டு, அதன்பின் மூன்று சாட்சிகள் முன்னால் இருவரும் ஒரு வாக்கியம் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் கல்யாணம் முடிந்தது. இதைத்தான் குடிமைத் திருமணம் என்கிறோம்: அரசாங்க ஏட்டில் மட்டும் நடக்கும் திருமணம்.

சிங்கப்பூரில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். "ஆர்ஓஎம் ஆடியிலயே முடிஞ்சிருச்சு, கல்யாணம் தையில" என்று சொல்வதை எத்தனை முறை கேட்டிருப்போம். ஆர்ஓஎம் என்பது அங்குள்ள திருமணப் பதிவகம். ஆடியில் அவர்கள் சட்டப்படி கணவன் மனைவி. தையில்தான் கழுத்தூரு, அதாவது நகரத்தார் தாலி, ஏறுகிறது. ஆடி மாதத்தில் எந்தச் செட்டியாரும் கல்யாணம் வைக்க மாட்டார், ஆனால் அந்த ஏட்டுக்கு ஆடியும் ஒன்றுதான் தையும் ஒன்றுதான்.

தாய்லாந்தும் தைவானும் மாற்றியது ஆடியில் எழுதும் அந்த ஏட்டைத்தான். இந்தியாவில் தன்பாலினத் திருமணம் கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களின் வழக்கையும், 2023-ல் நீதிமன்றம் அந்த ஏட்டோடு, அதாவது சிறப்புத் திருமணச் சட்டத்தோடு, நிறுத்திக்கொண்டது. மதங்களின் தனிச்சட்டங்களுக்குள் போக மாட்டோம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

## ஒரு காலத்தில் செல்லாமல் போன நம்மவர் கல்யாணங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த விஷயம் புரிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

1920-களின் கடைசியிலிருந்தே இங்கே சுயமரியாதைத் திருமணங்கள் நடந்தன. ஐயர் இல்லை, தீ வளர்ப்பது இல்லை. பெரியவர் ஒருவர் தலைமையில் மாலை மாற்றிக்கொண்டு, ஊர் முன்னால் உறுதி சொல்லிக் குடும்பம் நடத்தினார்கள். பிள்ளை பெற்றார்கள். ஊருக்கு அவர்கள் கணவன் மனைவிதான். ஆனால் 1953-ல், ஒரு செட்டியார் குடும்பத்து வழக்கில், அப்படி நடந்த கல்யாணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாத்திரம் சொல்லும் சடங்கும் நடக்கவில்லை, நெடுங்கால வழக்கம் என்றும் காட்ட முடியவில்லை என்பது காரணம்.

அந்தத் தீர்ப்பு வந்த மறுநாள் காலையை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இருபது வருடம் ஒருவருக்குச் சமைத்துப் போட்டு, அவர் காய்ச்சலுக்குக் கண்விழித்த பெண்ணிடம் யாரோ வந்து, "நீ அவர் பெண்சாதி இல்லையாமே" என்று சொல்லியிருப்பார்கள். அவள் வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை. ஏட்டில் அவள் பெயர் இல்லை, அவ்வளவுதான். ஆனால் பங்குக்கும் பெயருக்கும் அந்த ஏடுதான் சாட்சி.

1967-ல், அண்ணா முதல்வராக இருந்தபோது, இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் தமக்குப் புரிந்த மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ மணந்தால் போதும். புரோகிதர் தேவையில்லை. முன்பே நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று சேர்த்தே எழுதினார்கள். அதுதான் அந்தச் சட்டத்தின் பெரிய மனது.

அதன் பிறகு எந்தக் கோயிலில் அக்கினி அணைந்தது? எந்தப் புரோகிதரிடம் போய் "இனிமேல் மந்திரம் சொல்லாதே" என்றார்கள்? சடங்கோடு நடத்துகிறவர்கள் சடங்கோடு நடத்தினார்கள். ஏட்டில் இடமில்லாமல் இருந்தவர்களுக்கு இடம் கிடைத்தது.

## 'உறவு' என்ற கட்டம்

"சேர்ந்து இருக்கட்டும், யார் தடுத்தார்கள்? பத்திரம் எதற்கு?" இதையும் நல்ல மனிதர்கள்தான் கேட்கிறார்கள். அதற்கு என்னிடம் உள்ள பதில் ஒரு படிவம்.

தேவகோட்டைப் பக்கம் ஓய்வு பெற்ற ஆசிரியைகள் இருவர் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரே அடுப்பு, ஒரே பால் கணக்கு. அவர்கள் ஒருவருக்கொருவர் யார் என்று நான் கேட்டதில்லை, கேட்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு மழைநாளில் மூத்தவர் முற்றத்தில் வழுக்கி விழுந்து தலையில் அடி. நினைவு தப்பிவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோனோம். அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதப் படிவம் கொடுத்தார்கள். நோயாளி பெயர், வயது, விலாசம் எல்லாவற்றையும் இளையவர் கடகடவென்று எழுதினார். கரும்பலகையில் எழுதிப் பழகிய முத்தான கையெழுத்து. அடுத்து 'நோயாளிக்கு உறவு' என்று ஒரு கட்டம். பேனா அங்கே நின்றுவிட்டது.

கவுன்ட்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "நீங்க அவங்களுக்கு யாரும்மா?" என்றாள்.

"கூட இருக்கேன்" என்றார் டீச்சர்.

"ரத்த சொந்தம் யாராவது இருக்காங்களா?"

கோயம்புத்தூரில் அண்ணன் மகன் ஒருவர் இருந்தார். போனில் அவர் சம்மதம் வாங்கிக்கொண்டு சிகிச்சையைத் தொடங்கினார்கள். நேரில் வந்து அவர் கையெழுத்துப் போட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போகும் பாஸும் அவருக்குத்தான். நல்ல பையன். ஆனால் அத்தைக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் கேட்டபோது, அவர் வெளியே வந்து டீச்சரைத்தான் கேட்டார். அந்தப் பெண்ணையோ மருத்துவமனையையோ நான் குறை சொல்ல மாட்டேன். படிவத்தில் 'கூட இருக்கேன்' என்பதற்குக் கட்டம் இல்லை.

திருமணம் என்ற பதிவு செய்யும் வேலை இதுதான். அந்நியராக இருந்த ஒருவரை ஒரே கையெழுத்தில் மிக நெருங்கிய உறவாக மாற்றுகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால், சொத்து முதலில் அவருடைய பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் தாயாருக்கும் போகும். அப்படி யாரும் இல்லையென்றால் தகப்பனார், பிறகு கூடப்பிறந்தவர்கள் என்று நீளும். முப்பது வருடம் கூட இருந்தவருக்கு அந்த வரிசையில் எங்கேயும் இடமில்லை. நாற்பது பங்குள்ள பெரிய வீடுகளை விற்க முடியாமல் பூட்டி வைத்திருக்கும் நமக்கு, ஒரு கையெழுத்துக்கு உரிமை இருப்பதும் இல்லாமல் போவதும் என்ன என்று தெரியும்.

சுருக்கமாக: சேர்ந்து வாழ யாரும் பத்திரம் கேட்பதில்லை. நோயும் சாவும் வரும்போது எல்லாரும் கேட்கிறார்கள்.

## ஒத்தியும் கிரயமும்: சிவில் யூனியன் என்றால் என்ன

வீட்டுக் கணக்கிலேயே சொல்கிறேன். சொந்தக்காரர் வீட்டில் வாய்ப்பேச்சில் குடியிருக்கிறீர்கள். நல்லபடியாகப் போகும்வரை நல்லது. ஒத்திக்கு எழுதி வாங்கினால் பத்திரம் இருக்கிறது, அனுபவிக்கும் உரிமை இருக்கிறது, எல்லையும் இருக்கிறது. கிரயம் செய்தால் வீடு முழுக்க உங்களுடையது.

எந்தப் பதிவும் இல்லாமல் சேர்ந்து வாழ்வது முதல் வகை. சிவில் யூனியன் ஒத்தி மாதிரி: இருவர் துணைகள் என்று அரசாங்கம் பதிவு செய்து, திருமணத்தில் வரும் உரிமைகளில் சிலவற்றையோ பலவற்றையோ தருவது, ஆனால் அதைத் திருமணம் என்று அழைக்காதது. திருமணம் கிரயம். இந்த ஒப்பீடு ஓர் இடம்வரைதான் வரும். ஒத்தியைத் திருப்பலாம் என்பதுபோல் சிவில் யூனியன் தற்காலிகமானது அல்ல. எவ்வளவு உரிமை என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் தீர்மானிக்கிறது.

முதலில் இதைச் செய்தது டென்மார்க், 1989-ல். பிரான்ஸ் 1999-ல் கொண்டுவந்த பாக்ஸ் என்ற ஒப்பந்தத்தை ஆணும் பெண்ணும் சேர்ந்துகூட எடுத்துக்கொள்ளலாம், நிறையப் பேர் எடுக்கிறார்கள். பிரிட்டனில் 2005 டிசம்பரில் வந்தது. இந்த நாடுகள் எல்லாமே பிற்பாடு திருமணத்தையும் திறந்துவிட்டன. திருமணத்தையே முதலில் திறந்தது நெதர்லாந்து, 2001 ஏப்ரல் 1-ல். ஆசியாவில் தைவான் 2019-ல் முதலாவது.

'திருமணம் என்ற சொல் மதங்களுக்கு இருக்கட்டும், உரிமையை மட்டும் வேறு பெயரில் கொடுப்போம்' என்பதுதான் சிவில் யூனியனுக்குப் பின்னால் உள்ள எண்ணம். சண்டையைத் தணிக்கும் நல்லெண்ணம் அதில் உண்டு. ஆனால் பந்தியில் ஒரே சாப்பாட்டைப் போட்டுவிட்டு, சிலரை மட்டும் தனி வரிசையில் உட்கார வைப்பது எப்படி இருக்கும் என்று நம் ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்கு அந்தத் தனி வரிசை உறுத்துகிறது. ஆனாலும் இலையே இல்லாமல் நிற்பதற்கு அது மேல் என்றும் நினைக்கிறேன்.

சிங்கப்பூர்த் தம்பிக்கு: உங்கள் ஊரில் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை 2022 நவம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. கூடவே, திருமணம் என்றால் யாருக்கு என்பதை நாடாளுமன்றமே தீர்மானிக்கும்படி அரசியல் சாசனத்தையும் திருத்தியது. சிவில் யூனியன் அங்கும் இல்லை, இங்கும் இல்லை.

## 2018-லும் 2023-லும் நடந்தது வேறுவேறு

மாமா சொன்ன 2018 இதுதான். அந்த ஆண்டு செப்டம்பர் 6 அன்று, ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, வயது வந்தவர்கள் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் தன்பால் உறவு குற்றமல்ல என்றது. வெள்ளைக்காரர் காலத்து 377-ஆம் பிரிவின் அந்தப் பகுதி அன்றோடு போயிற்று. போலீஸ் பிடிக்காது என்றார்கள். ஏட்டில் எழுதுவோம் என்று சொல்லவில்லை. ஒருவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காருவது குற்றமில்லை என்பதால் அவர் வீட்டுப் பங்காளி ஆகிவிட மாட்டார்.

ஏட்டைப் பற்றிய வழக்கு 2023-ல் விசாரணைக்கு வந்தது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஆணுக்கு 21 வயது, பெண்ணுக்கு 18 வயது என்பதுபோல் ஆண் பெண் என்ற பிரிவு எழுத்திலேயே இருக்கிறது. அதை 'துணைகள்' என்று படிக்க முடியுமா என்பது கேள்வி. அக்டோபர் 17 அன்று தீர்ப்பு. அரசியல் சாசனத்தில் திருமண உரிமை அடிப்படை உரிமையாக இல்லை, அந்தச் சட்டத்தை நீதிமன்றம் திருத்தி எழுதவும் முடியாது என்பதில் ஐந்து பேரும் ஒன்று. சிவில் யூனியன் போன்ற ஒரு அங்கீகாரத்துக்கு உரிமை உண்டு என்று தலைமை நீதிபதி சந்திரசூடும் நீதிபதி கவுலும் சொன்னார்கள். நீதிபதிகள் ரவீந்திர பட், ஹிமா கோலி, நரசிம்மா மூவரும் ஏற்கவில்லை. மூன்றுக்கு இரண்டு. ஜோடியாகப் பிள்ளை தத்தெடுப்பதும் அதே கணக்கில் போயிற்று. மறுசீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆயின.

ஆகவே இன்று இந்தியாவில் தன்பால் உறவு குற்றமில்லை, திருமணமும் இல்லை, சிவில் யூனியனும் இல்லை. மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றமோ சட்டமன்றமோ மாற்றலாம். 1967-ல் நாம் மாற்றியதுபோல.

திருநங்கைகளின் திருமணத்தை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது வேறு கேள்வி. 2018-ல் தூத்துக்குடிக் கோயிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் மணந்துகொண்டார்கள். பதிவு அலுவலகம் பதிய மறுத்தது. 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்து, பதியச் சொன்னார். அங்கே சட்டம் பார்த்தது ஓர் ஆணும் ஒரு பெண்ணும். 2023 தீர்ப்பும் அதை உறுதி செய்தது.

## சரி, ஆச்சியின் கேள்வி

மாலை கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? வேண்டாம் ஆச்சி.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013-ல் சட்டம் எழுதும்போது, சர்ச்காரர்களுக்கும் இதே பயம் இருந்தது. சட்டத்திலேயே நான்கு பூட்டுப் போட்டார்கள். நம் வீட்டு இரும்புப் பெட்டகம் போல ஒன்றைத் திறந்தாலும் அடுத்தது நிற்கும். எந்த மத அமைப்பையும் மதகுருவையும் கட்டாயப்படுத்த முடியாது. அந்த மதத்தின் தலைமை தானே முன்வந்து ஒப்பினால் ஒழிய அங்கே நடத்தவும் முடியாது. மறுத்ததற்காகப் பாகுபாடு என்று வழக்குப் போட முடியாது. நான்காவது, இங்கிலாந்துத் திருச்சபைக்கும் வேல்ஸ் திருச்சபைக்கும் தனிப் பூட்டு. அவை பழைய விதிப்படியே இருக்கும். அப்படி இருந்தும் குவேக்கர் என்ற கிறித்தவச் சபை போன்றவர்கள் தாமே முன்வந்து நடத்துகிறார்கள். தடுக்கவும் இல்லை, திணிக்கவும் இல்லை.

அயர்லாந்து இன்னும் நல்ல உதாரணம். ஊறிய கத்தோலிக்க நாடு. 2015 மே மாதம் பொதுவாக்கெடுப்பில் 62 சதவீதம் பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். அங்குள்ள கத்தோலிக்க ஆலயங்கள் அன்றும் நடத்தவில்லை, இன்றும் நடத்துவதில்லை. ஏடு மாறியது, பலிபீடம் மாறவில்லை. 2023 டிசம்பரில் வத்திக்கான், அப்படிப்பட்ட ஜோடிகளுக்குக் குருமார் ஆசி வழங்கலாம் என்றது. அது திருமணம் போலத் தோன்றவே கூடாது என்றும் சொன்னது. அது அவர்களுக்குள் அவர்களே பேசி எடுத்த முடிவு.

மாறாக டென்மார்க்கில் திருச்சபை அரசோடு சேர்ந்தது. அதனால் 2012-ல் நாடாளுமன்றமே திருச்சபைக்கும் சேர்த்துச் சட்டம் போட்டது. விருப்பமில்லாத பாதிரியார் மறுக்கலாம், ஆனால் சபை வேறொருவரை ஏற்பாடு செய்ய வேண்டும். இதிலிருந்து தெரிவது: கோயில் எந்த அளவுக்கு அரசாங்கத்தின் கையில் இருக்கிறதோ, அந்த அளவுக்கு அரசாங்கச் சட்டம் அதற்குள் நுழையும். இந்தியாவில் அரசியல் சாசனத்தின் 26-ஆம் பிரிவு, மதப் பிரிவினர் தம் மத காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ள உரிமை தருகிறது. ஒரு நகரக் கோயில் யாருக்கு மாலை கொடுக்கும், யாரைப் புள்ளியாக ஏற்கும் என்பது அந்த வகை. வேறு சமூகத்துப் பெண்ணைக் கட்டியவருக்கே மாலை கொடு என்று சட்டம் இதுவரை சொல்லவில்லையே. ஆனால் அறநிலையத் துறை நேரடியாக நடத்தும் கோயில்களின் கல்யாண மண்டபங்களில் கேள்வி வேறு மாதிரி வரலாம். அதை அன்று உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியிருக்கும். அந்தப் பேச்சைக் காட்டி, சார் பதிவாளர் அலுவலக ஏட்டைப் பூட்டி வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

## இன்றைக்குக் கையில் இருப்பது

சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்குச் சில வழிகள் உண்டு. 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம், தன்பால் துணைகள் கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கவும் ஒருவரை ஒருவர் நியமனதாரராகப் போடவும் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. ரேஷன் கார்டிலும் ஒரே குடும்பமாகக் கருதலாம் என்றது உணவுத் துறை. சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் கொஞ்சம் முன்னே போயிருக்கிறது. 2023 நவம்பரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இருவர் தாங்கள் ஒரு குடும்பம் என்று எழுதிப் பதிவு செய்துகொள்ளும் குடும்பப் பிணைப்பு ஒப்பந்தத்தைத் தமிழக அரசு பரிசீலிக்க வேண்டும் என்றார். 2025 மே மாதம், நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றார்கள். ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போடும் அந்த யோசனையைப் படித்தபோது எனக்கு இசைகுடிமானம்தான் ஞாபகம் வந்தது.

மற்றபடி உயில். யாரும் யாருக்கும் எழுதலாம், உறவாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு சாட்சிகள் போதும், பதிவு செய்தால் இன்னும் நல்லது.

பெரிய டீச்சர் பிழைத்துக்கொண்டார். இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். போன வருடம் இருவரும் ஒருவருக்கொருவர் உயில் எழுத முடிவு செய்து, துணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பத்திர எழுத்தர் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். பிறகு கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, "இவங்களுக்கு நீங்க என்ன உறவுன்னு போடட்டும்மா?" என்றார்.

சின்ன டீச்சர் என்னைப் பார்த்தார். பெரியவர் வாக்கரை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "கூட இருக்கிறவங்கன்னு போடுங்க. நாங்க பார்த்து எழுதிக்கிட்ட உறவுதான்" என்றார். எழுத்தர் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் அப்படியே எழுதினார்.